பத்துக்கு இரண்டு

என் கணவர் மகேஸ்வரன் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. அந்த வயதில் ஆண்களுக்கு ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். சிலர் பெரிய மோட்டார்சைக்கிள் வாங்குவார்கள், சிலர் கோயில் கமிட்டித் தேர்தலில் நிற்பார்கள், சிலர் திடீரென்று தலைக்கு மை பூச ஆரம்பிப்பார்கள். இவர் மடிக்கணினி வாங்கினார்.

ஜொகூரில், பாசிர் கூடாங் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு கிடங்கில் அவர் ஷிப்ட் ஃபோர்மேன். ஒருநாள் கோட்டு போட்ட ஆள் ஒருவன் அங்கே வந்து, இனிமேல் நிரல் தெரியாதவர்களுக்கு எதிர்காலமே கிடையாது என்று பேசிவிட்டுப் போயிருக்கிறான். பேசியவன் கூலி வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான். கேட்டவர் மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து என் உயிரை வாங்கினார்.

இணையத்தில் இலவசப் பாடம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு சின்னப் பயிற்சி, இணையப் பக்கம் ஒன்று செய்து காட்ட வேண்டும். முதல் பயிற்சியில் திரையில் ‘ஹலோ’ என்று வந்தது. அடுப்பில் மீன் கறி கொதிக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த பயிற்சி என் பெயரைக் கேட்டது. தட்டினேன். ‘வணக்கம், தனலெட்சுமி’ என்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் எனக்கு வணக்கம் சொன்னதில்லைதான், அந்தக் குறையைத் தீர்க்கவா இவ்வளவு விலைக்கு ஒரு பெட்டி வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

பிறகு, பொத்தானை அழுத்தினால் பின்னணி நிறம் மாறும் பக்கம். சிவப்பு, நீலம், மஞ்சள். அதற்கடுத்து, எண்ணைக் கொடுத்தால் ஒற்றையா இரட்டையா என்று சொல்லும் பக்கம். நான் பாலர் பள்ளி ஆசிரியை. என் வகுப்பிலும் பாடம் இதுதான். பிள்ளைகளும் செய்து முடித்ததும் டீச்சர் இங்க பாருங்க என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆனால் அவர்களுக்கு ஐந்து வயது. பாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றும் பக்கம் ஒன்றும் செய்தார். ஜொகூரில் அது யாருக்கு வேண்டும் என்று கேட்டதற்கு, பாடத்தில் இருக்கிறது என்றார். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டு, ஒரு ஞாயிறு முழுக்கக் கணினியைத் திட்டித் தீர்த்தார். தப்பைக் கண்டுபிடித்த பிறகு கணினியிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, குறுக்கே வந்ததற்காகத் திட்டு வாங்கிய என்னிடமும் கேட்கவில்லை.

இந்தக் கூத்தைப் பார்த்துக் கேலி செய்யாத ஒரே ஆள் என் தங்கை ஷர்மினி. ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்து, நல்லா இருக்கு அத்தான் என்பாள். அம்மா போன பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். பல் கிளினிக் ஒன்றில் வேலை. வயது முப்பத்து நான்கு. இவளைப் பெண் பார்க்க வந்து கேசரி தின்றுவிட்டுப் போனவர்களின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும். ஒருவனுக்கு இவள் உயரம் போதவில்லை. ஒருவனுடைய அம்மாவுக்கு இவள் வயது அதிகம்; அந்த அம்மாவின் மகனுக்கு நாற்பது தாண்டியிருந்தது.

கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் அவளாகவே ரூபேந்திரனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதுகிறவன். வாரம் முழுவதும் அங்கே அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு மட்டும் பாலம் தாண்டி வருவான். தாய் தகப்பனைச் சின்ன வயதிலேயே இழந்தவனை அவன் அத்தை ராஜம்மா சிம்பாங் ரெங்கமில் வளர்த்து ஆளாக்கியிருந்தார். அந்த அம்மாவுக்கும் ஷர்மினியைப் பிடித்துப்போனது. கோயில் ஐயர் ஜாதகம் பார்த்து, பத்துக்கு ஏழு பொருத்தம், தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். பரிசம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இதுவும் நடக்கலன்னா இனிமே யாரையும் வரச் சொல்லாதக்கா,” என்று ஷர்மினி ஒருநாள் என்னிடம் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அவனை அவ்வளவு பிடித்திருந்தது. போனில் அவன் பெயர் வந்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போவாள். அவளுக்கு இது நடக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷம் வேறு வேண்டுதல் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் வீட்டு மேதை திருமணப் பொருத்தம் பார்க்கும் பக்கம் ஒன்றைச் செய்து முடித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே பிள்ளையார் படம். கீழே இரண்டு பெட்டிகள், ஒன்றில் பெண்ணின் நட்சத்திரம், இன்னொன்றில் மாப்பிள்ளையின் நட்சத்திரம். இருபத்தேழு நட்சத்திரத்தையும் அவரே உட்கார்ந்து தட்டியிருந்தார். அதற்கும் கீழே காவி நிறத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் மணி ஒரு முறை அடித்து ‘பத்துக்கு ஆறு’, ‘பத்துக்கு ஒன்பது’ என்று பெரிய எழுத்தில் வரும். மணிச் சத்தத்தை எங்கள் கோயிலில் பூசை நடக்கும்போது போனில் பிடித்திருந்தார். அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, ‘நான் செய்தது’ என்று மட்டும் எழுதினார். பயிற்சி என்றோ, பழகுவதற்காகச் செய்தது என்றோ ஒரு சொல் இல்லை.

குழுவில் இருந்தவர்கள் அதைக் கோயில் குழுவுக்கு அனுப்பினார்கள். கோயில் குழுவிலிருந்து குளுவாங், சிகாமட், பெக்கோக் வரைக்கும் போய்விட்டது. பெண் வைத்திருப்பவர்கள், பையன் வைத்திருப்பவர்கள் எல்லாம் இவருக்குப் போன் அடித்து சார் என்று கூப்பிட்டார்கள். எண்ணெய்த் தொட்டி ஃபோர்மேன் ஒரே வாரத்தில் சார் ஆகிவிட்டார். கோயில் தலைவர் செல்லப்பன், வருகிற திருவிழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னார். அன்றிலிருந்து என் கணவர் கழுத்தை நீட்டிக்கொண்டே நடந்தார். பொன்னாடை விழ இடம் வேண்டுமே.

பொன்னாடைக்கு முன்னால் ராஜம்மாவின் போன் வந்தது.

அந்த அம்மா வெள்ளிக்கிழமை தலைமுழுகி, விளக்கேற்றி, போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, இராகு காலம் கழிந்த பிறகு பொத்தானை அழுத்தியிருக்கிறார். பத்துக்கு இரண்டு என்று வந்திருக்கிறது. அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அதனால் என்னாலும் கத்த முடியவில்லை.

ஐயர் ஏழு என்று சொன்னாரே என்று கேட்டேன். ஐயர் மனுஷன்தானே, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவரே போன மாதம் சொன்னார், கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி வேண்டாமே என்றார் ராஜம்மா. அதோடு நிற்கவில்லை. “வேற யாரோ செஞ்சதுன்னா சந்தேகப்படலாம் தனம். உன் வீட்டுக்காரரே செஞ்சது. சொந்தக் கொழுந்தியாவுக்கு அவரு கொறைச்சா போடுவாரு?” என்று கேட்டார். பரிசத்தைத் தள்ளி வைப்போம், பிறகு பார்ப்போம் என்று போனை வைத்துவிட்டார். நம் ஊரில் பிறகு பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஷர்மினி வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். கிளினிக் சீருடையோடு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். ரூபன் அத்தையிடம் பேசிச் சரிசெய்துவிடுவார் என்றாள். அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அத்தை மனம் மாறட்டும், கொஞ்சம் அவகாசம் கொடு என்று எழுதியிருந்தான். அவன் என்ன செய்வான், வளர்த்த அத்தையை எதிர்த்துப் பேசுவானா என்று அவளே அவனுக்காக என்னிடம் வாதாடினாள். நானும் அதை நம்பினேன்.

ஆத்திரம் தாங்காமல் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என்ன கண்றாவி இரண்டு, அதையும் பார்த்துவிடலாம் என்று ஷர்மினியின் சுவாதி, ரூபேந்திரனின் உத்திராடம் இரண்டையும் போட்டு அழுத்தினேன். மணி அடித்தது. பத்துக்கு எட்டு. விரல் தவறிவிட்டதோ என்று மறுபடி அழுத்தினேன். பத்துக்கு ஐந்து. மறுபடி அழுத்தினேன், பத்துக்குப் பத்து. பெட்டிகளைக் காலியாக விட்டு அழுத்தினேன். எவளுக்கும் எவனுக்குமோ தெரியாது, பத்துக்கு ஆறு பொருத்தம் இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவர் போர்ச்சில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அழுத்த அழுத்த எண் ஏன் மாறுகிறது என்று கேட்டேன். குழாயை மூடினார், துணியைப் பிழிந்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அந்தப் பெட்டி ரெண்டையும் இன்னும் எதோடயும் இணைக்கல. பட்டியலை வச்சுக் கணக்குப் போடறது அடுத்த பாடத்துலதான் வருது.”

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அது பாடத்தில் வந்த பயிற்சியாம். பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஏதோ ஓர் எண் தானாக வர வேண்டும். எது வரும் என்று எழுதியவருக்கும் தெரியாது. ரேண்டம் என்று ஒரே ஒரு வரிதான். வெறும் எண் வந்தால் பார்க்கச் சப்பென்று இருக்கிறதே என்று இவர் பிள்ளையாரையும் மணியையும் நட்சத்திரத்தையும் சேர்த்திருக்கிறார். அதாவது தாயக்கட்டையை உருட்டிவிட்டு அதன்மேல் சாமி படத்தை ஒட்டியிருக்கிறார்.

இவரையாவது முட்டாள் என்று விட்டுவிடலாம். ஜொகூர் பூராவும் இத்தனை பேர் அழுத்தினார்களே, ஒருவருக்குமா தெரியவில்லை என்று நினைத்தேன். யோசித்தபோதுதான் புரிந்தது. யாரும் இரண்டாம் தடவை அழுத்தியிருக்க மாட்டார்கள். கோயிலில் பூ போட்டுப் பார்ப்பார்களே, சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது, அதை ஒரு தடவைதான் கேட்கலாம். மறுபடி கேட்டால் நீ சொன்னதை நான் நம்பவில்லை என்று சாமி முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இங்கேயும் பிள்ளையார் இருக்கிறார், மணி அடிக்கிறது. நம் சனம் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு தடவை அழுத்திவிட்டு, வந்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டது. துணிந்து மறுபடி அழுத்திய சிலர் இருந்திருப்பார்கள். நல்ல எண் வந்ததும் அவர்களும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் ஒரு நிமிஷத்தில் சாயம் வெளுத்திருக்கும் பொருள், எங்களிடம் தெய்வ வாக்காக வாழ்ந்துகொண்டிருந்தது.

உடனே ராஜம்மாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவர் நெளிந்தார். அதெல்லாம் வேண்டாம், ஓர் ‘இஃப்’ போட்டால் போதும் என்றார். இந்த இரண்டு நட்சத்திரமும் வந்தால் ஒன்பது என்று காட்டும்படி எழுதிவிடலாம், அந்தப் பாடத்தை ஏற்கெனவே முடித்துவிட்டேன் என்றார். அன்றைக்கு முதல்முறையாக அவருடைய படிப்பு எதற்காவது உபயோகப்படும்போல் தெரிந்தது. எழுதச் சொல்லிவிட்டு நானே ராஜம்மாவைக் கூப்பிட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டார், மறுபடி ஒரு தடவை பாருங்கள் என்றேன். அந்த அம்மாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. சாமியிடம் கேட்டதை மறுபடி கேட்க நான் என்ன சந்தைக்கடையில் பேரமா பேசுகிறேன் என்று கேட்டார்.

அடுத்து, குழுவில் எழுதுங்கள் என்று பிடித்து உட்கார வைத்தேன். இந்த மனிதர் நெடுநேரம் போனைத் தடவித் தடவி, ‘இது வெறும் பயிற்சிக்காகச் செய்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்’ என்று எழுதினார். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வரிசையாக வந்து விழுந்தன. செல்லப்பன், இவ்வளவு திறமை இருந்தும் இவ்வளவு அடக்கமா என்று உருகி எழுதி, பொன்னாடையை உறுதி செய்தார்.

எண் தானாக வருகிறது, நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பளிச்சென்று எழுதச் சொன்னேன். சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்றார். புரியாது என்பது பொய். புரிந்துவிடும் என்பதுதான் அவர் பயம். நாளைக்கு சார் என்று கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள், மேடை இருக்காது. என் தங்கையின் வாழ்க்கையா, அந்த ஜரிகைத் துணியா, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். மெதுவாகப் பேசு, ஷர்மினி காதில் விழும் என்றார். அன்றைக்கு அவரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஷர்மினி காதில் விழுந்துதான் இருந்தது. அவள் அத்தானைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் ரெங்கமுக்குப் போய் அத்தையிடம் நேரில் சொல்லிவிடுங்கள் அத்தான், நானும் வருகிறேன் என்று மட்டும் கேட்டாள். நான் கத்தியதற்கு அசையாதவர் அதற்குத் தலையாட்டினார். அவள் புது சுடிதார் உடுத்திக்கொண்டு காரில் ஏறினாள். எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பியது அதிலேயே தெரிந்தது.

ராஜம்மாவின் வீடு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் வரும் தாமான் குடியிருப்பில் ஒரு தரை வீடு. ரூபேந்திரன்தான் கேட்டைத் திறந்தான். எல்லோரையும் வாங்க என்றான். ஷர்மினி பக்கம் மட்டும் அவன் பார்வை நிற்கவில்லை. அத்தை முன்னால் கூச்சப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

கோப்பி வந்தது. என் கணவர் குடிக்கவில்லை. அந்த ‘இஃப்’பை வீட்டிலேயே அழித்துவிட்டு வந்திருந்தார். மடிக்கணினியை மேசைமேல் திறந்து வைத்து, பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக் காட்டினார். எட்டு, மூன்று, பத்து, ஒன்று. இவர் எப்படியும் பூசி மெழுகுவார், அப்போது நாம் புகுந்து பேசிக்கொள்ளலாம் என்று நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் பூசி மெழுகவில்லை.

“அம்மா, இது நான் பழகறதுக்குச் செஞ்சது. நம்பர் அதுவா வருது. நட்சத்திரத்தை அது பார்க்கறதே இல்ல. எல்லாரும் பெருமையா பேசினாங்க, அதுல மயங்கி வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். தப்பு என்னுது.”

இத்தனை நாளில் அந்த மனிதர் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அதுதான். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ராஜம்மா நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. கொழுந்தியாவுக்காகப் பேசுகிறீர்கள், பேசத்தான் வேண்டும் தம்பி என்றார் பொறுமையாக. சரிசெய்துவிட்டதாகப் போன வாரம் தனம் போனில் சொன்னாள், இன்றைக்கு அது எப்போதுமே இப்படித்தான் என்கிறீர்கள், நீங்கள் செய்த பொருளில் நீங்கள் எதை வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாமே என்றார். அந்த ‘இஃப்’ என் தலையிலேயே வந்து விடிந்தது.

“நானும் கண்ணை மூடிக்கிட்டு நம்பிடல,” என்றார் ராஜம்மா. “ரெண்டுன்னு வந்த மறுநாளே இவன்கிட்ட காட்டினேன். லேப்டாப்புல போட்டு உள்ளுக்குள்ள எல்லாம் பார்த்துட்டு, சரியாதான் இருக்கு அத்தைன்னு சொன்னான். இதே வேலை பார்க்கறவன். அவனுக்குத் தெரியாதா?”

என் கணவர் ரூபேந்திரன் பக்கம் திரும்பினார். அவருக்கு இன்னும் எதுவும் உறைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பாடத்தில் சந்தேகம் கேட்கும் மாணவன் மாதிரிதான் கேட்டார்.

“தம்பி, உள்ள திறந்து பார்த்தீங்களா?”

அவன் ஆமாம் என்று தலையை அசைத்தான்.

“நம்பர் வர்ற இடம் மொத்தமே அஞ்சாறு வரிதானே. நான் ஒண்ணையும் மறைச்சு வைக்கலயே. பார்த்ததுமே தெரிஞ்சிருக்குமே.”

“தெரிஞ்சுது அண்ணே,” என்றான் ரூபேந்திரன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

ஷர்மினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஏன் சரியாக இருக்கிறது என்று சொன்னீர்கள் என்று கேட்டாள். குரல் உயரவில்லை. அவன் என்னென்னவோ சொன்னான். அத்தை பயந்து போயிருந்தார் என்றான். சிங்கப்பூரிலேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டிருப்பதாகவும், இந்த நேரத்தில் கல்யாணம் என்றால் குழப்பம் என்றும் சொன்னான். கொஞ்ச நாளாகவே மனசு சரியாக இல்லை என்றான். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தான், எதுவும் நிற்கவில்லை. கடைசியில் வந்ததுதான் நிஜம்.

“உன்கிட்ட நேரா சொல்ல முடியல ஷர்மினி. இப்படி நின்னா யாருக்கும் மனசு கஷ்டம் இருக்காதுன்னு நெனச்சேன்.”

நான் வாழ்க்கையில் எத்தனையோ கோழைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவரைக் கட்டிக்கொண்டு குடும்பமும் நடத்துகிறேன். என்னவர் தன் பெருமைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார், அது அற்பத்தனம். ஆனாலும் கடைசியில் நடு வீட்டில் உட்கார்ந்து தப்பு என்னுது என்று சொல்ல அவருக்கு முடிந்தது. இவன் படித்தவன், இதே தொழில் செய்கிறவன். ஒரு வரியைப் பார்த்தான், அது பொய் என்று தெரிந்துகொண்டான், தெரிந்தே அதைத் தன் அத்தையின் வாயில் வைத்து என் தங்கைக்கு அனுப்பினான். பிள்ளையார்மேலும் பழி, அத்தைமேலும் பழி. தன் கை சுத்தம்.

ராஜம்மா எழுந்து நின்றுவிட்டார். “என்னை வச்சா சொல்ல வச்ச?” என்று கேட்டார். அவன் அத்தை என்று கையை நீட்டினான். அவர் ஓர் அடி பின்னால் போனார். இத்தனை வருஷம் அவனுக்குச் சோறு போட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவை நான் மனசுக்குள் என்னவெல்லாம் வைதிருந்தேன் என்பதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஷர்மினி அழவில்லை. ராஜம்மாவிடம் போய் அந்தக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல அத்தை. பரிசத்துக்கு நாள் பார்க்க வேணாம். இவருக்கு என்னை வேணாமாம். அவ்வளவுதான்.”

பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு, போகலாம் அக்கா என்றாள். ரூபேந்திரன் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறியதிலிருந்து நான் வாயை மூடவில்லை. அவன் வேலையை, அவன் சிங்கப்பூரை, அவன் சட்டையின் நிறத்தைக்கூட விடவில்லை. என் கணவர் சாலையையே பார்த்து ஓட்டினார். அந்தப் பக்கத்தை இன்றைக்கே அழித்துவிடுவதாகவும், செல்லப்பனிடம் தானே பேசுவதாகவும் ஒரு தடவை சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அவனை எப்படி அடையாளம் காணாமல் போனோம், எப்படி இந்த அளவுக்கு ஏமாந்தோம் என்று கூலாய் ஊர் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

“போதும்கா,” என்றாள் ஷர்மினி பின்னாலிருந்து. “நான் ஏமாறல. எனக்குத் தெரியும்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு போன் பண்றது கொறைஞ்சு ரொம்ப நாளாச்சு. நான் பண்ணாதான் எடுப்பாரு. ரெண்டுன்னு வந்துச்சுல்ல, அன்னைக்கு எனக்கு ஒரு பக்கம் நிம்மதியா இருந்துச்சுக்கா. அவரு மேல தப்பில்ல, நம்பர் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கலாம் பாரு. என்னைப் பிடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை நேரா கேட்டிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். நான் கேக்கவே இல்லக்கா. கேக்கவே பயந்துகிட்டு இருந்துட்டேன்.”

யாரையும் சும்மா விடாத நான் கையைப் பின்னால் நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள், சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாக. என் கணவர் காரைச் சாலை ஓரத்தில் நிறுத்தினார். அவள் அழுது முடிக்கும் வரைக்கும் நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.